செய்வினைக்கு ஓர் அழைப்பு

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் சாதாரணதரப் பரீட்சையோடு புத்தகத்தை மூடியவன். கொடிகாமத்தில் மிளகாயும் மல்லியும் அரைக்கிற ஆலை நடத்துகிறேன். ஆலை ஓடும்போது யாரும் யாரோடும் கதைக்க முடியாது. அதனாலேயே அந்தத் தொழில் எனக்குப் பிடித்துப்போனது. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காதவன் பயணக் கட்டுரை எழுதுவது அதிகப்பிரசங்கம்தான். ஆனால் ஒஸ்லோவில் அந்த வாரம் நடந்ததை வேறு யாராவது சொன்னால் பிழையாகத்தான் சொல்வார்கள். ஏற்கெனவே ஒருமுறை பிழையாகச் சொல்லிப் பட்டது போதும்.

விமான நிலையத்தில் சுங்க அதிகாரியாக நின்ற ஓர் இளம்பெண் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். மிளகாய்த்தூள், பனையிலிருந்து செய்த ஒடியல்மா, பினாட்டு, மோர்மிளகாய் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். அடியில் துணி சுற்றி வைத்திருந்த பழைய பால்மா டின்னைக் கடைசியாக எடுத்தார்.

"இது என்ன?"

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "பவுடர்" என்றேன். விமான நிலையத்தில் சொல்லக்கூடாத ஒரே சொல் அதுதான் என்று பிறகு அக்காவின் மகள் சொன்னாள்.

"என்ன பவுடர்?"

"ஃபமிலி பவுடர்."

அந்தப் பெண் மூடியைத் திறந்து மணந்து பார்த்து, தொடர்ந்து மூன்று முறை தும்மினார். இன்னும் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஒரு கருவியால் தொட்டுச் சோதித்தார்கள். கடைசியில் மூடியை இறுக்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நோர்வேக்கு நல்வரவு என்றார்.

அது மசாலா அல்ல. அக்காவுக்காக நான் கிளிநொச்சிக்கு அப்பால் இரண்டு பஸ் மாறிப் போய், செய்வினை கழிக்கிற ஒருவரிடம் வாங்கி வந்த மந்திரித்த தூள்.

என்னைவிட எட்டு வயது மூத்த சறோ அக்கா முப்பது வருடமாக ஒஸ்லோவில் இருக்கிறார். ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. அத்தானும் அக்காவும் பியோர்ண்டால் என்ற பகுதியில் வசிக்கிறார்கள். விமான நிலையத்திலிருந்து அத்தான்தான் கூட்டிப்போனார். வழியெல்லாம் அவரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது.

வீட்டில் பாணும் மண்ணிறச் சீஸும் தந்தார்கள். எங்கள் தொதல் இனிப்புக்கு உப்புப் போட்டுக் கிண்டினால் அந்தச் சீஸ் வரும். எனக்குப் பிடித்தது. நாலாவது துண்டை எடுக்கும்போது அத்தான் குளிக்கப் போனார். அக்கா உடனே குனிந்து, "கொண்டு வந்தனியோ?" என்றார்.

"ஓம்."

"அந்த மனுசன் என்ன சொன்னவர்?"

"தாய்மாமன் கையால கறியில போட்டாத்தான் பலிக்குமாம்."

அக்கா கண்ணை மூடித் திறந்தார். பிறகு அலுமாரியில் சேலைகளுக்கு அடியிலிருந்து ஓர் அழைப்பிதழை எடுத்துத் தந்தார். அதை அனுப்பியவள் அக்காவின் ஒரே மகள் மதுரா. ஒஸ்லோவில் பிறந்தவள், சிறுவர் பாடசாலையில் ஆசிரியை. போன வருடம், தான் ஒரு ஹெக்ஸ் என்று தாயிடம் சொல்லியிருந்தாள். ஹெக்ஸ் என்றால் இந்த நாட்டு மொழியில் சூனியக்காரி. ஏதோ யோகா வகுப்பு மாதிரி என்று அக்கா அப்போது விட்டுவிட்டார். இந்த அழைப்பிதழ் வந்த பிறகுதான் விடமுடியவில்லை. பூ வரைந்து, பக்கத்தில் அழகான தமிழில் எழுதியிருந்தாள்:

"எங்கள் கோடைச் செய்வினைக்கு உங்களை அன்புடன் அழைக்கிறோம். குழந்தைகளையும் கூட்டி வாருங்கள். சாப்பாடு உண்டு."

அழைப்பிதழை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

"ஒஸ்லோவிலையும் பேர்கனிலையும் இருக்கிற எங்கட சனம் எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறாள்," என்றார் அக்கா. "ஒருத்தரும் பதில் போடேல்லை. பேர்கன் மாமி மட்டும் ஃபோன் எடுத்துக் கேட்டவ, சாப்பாடு எங்களுக்கோ, இல்லாட்டி நாங்கள்தான் சாப்பாடோ எண்டு."

"நீங்கள் மதுராவிட்டக் கேக்கேல்லையோ?"

"அந்தச் சொல்லை எப்பிடியடா வாயால சொல்லிக் கேக்கிறது? பிள்ளைதானே அவள்." அக்கா குளியலறைக் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அண்டையிலிருந்து அவளின்ரை கையால ஒரு தேத்தண்ணி குடிக்கேல்லைத் தம்பி. பெத்த பிள்ளையின்ரை கைச்சாப்பாட்டுக்குப் பயந்து கிடக்கிறன். அவளை எனக்குத் திருப்பித் தா."

சனிக்கிழமை அந்தச் செய்வினை. முதல்முறையாக மதுராதான் முன்னின்று நடத்தப் போகிறாளாம். அதற்கு முன் தூள் அவள் வயிற்றுக்குள் போகவேண்டும். அன்று வியாழக்கிழமை.

வெள்ளி காலை மதுராவின் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். இறங்க வேண்டிய இடத்தில் சிவப்புப் பொத்தானை அழுத்தவேண்டும் என்று அத்தான் சொல்லியிருந்தார். அழுத்தினால் மணி அடிக்கிறது, எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களோ என்று கூச்சம். வேறு யாராவது அழுத்தட்டும் என்று காத்திருந்தேன். யாரும் அழுத்தவில்லை. பஸ் கடைசித் தரிப்பிடம் வரை போய் நின்றது. சாரதி திரும்பிப் பார்த்து ஏதோ கேட்டார். நான் தலையாட்டினேன். அதே பஸ்ஸில் திரும்பி வரும்போதும் அழுத்தவில்லை. ஒரு கிழவர் என் தரிப்பிடத்துக்கு அடுத்ததில் அழுத்தினார், நானும் இறங்கி மீதியை நடந்தேன். எங்கள் ஊர் பஸ்ஸில் நடத்துநரே நம்மைப் பிடித்துத் தள்ளிவிடுவார். கூச்சப்படுகிறவனுக்கு அதுதான் சரி.

வழியில் குறொன்லாண்ட் பகுதிக் கடையொன்றில் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வாங்கினேன். கத்தரிக்காய் எங்கள் தோட்டத்துக் காயின் பாதி அளவுகூட இல்லை. ஆனாலும் பளபளப்பாக இருந்தது.

"மாமா!" என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்தாள் மதுரா. "ரெண்டு மணித்தியாலம் பிந்திட்டியள். பொத்தானை அமத்தேல்லையோ?"

"எப்பிடித் தெரியும்?"

"அப்பாவும் முதல் வருஷம் அமத்தேல்லையாம்."

யன்னல் ஓரத் தட்டில் ஒரு கிண்ணத்தில் உப்பு, ஒரு கிண்ணத்தில் தண்ணீர், மெழுகுதிரி, பேர்ச் மரக் கிளை. எங்கள் வீட்டுச் சாமியறையைச் சின்னதாக்கி வைத்தது போல இருந்தது. அம்மன் படம்கூட இருந்தது. அம்மனுக்குப் பக்கத்தில் கொம்பு வைத்த ஆண் உருவம் ஒன்று மரத்தில் செதுக்கியபடி. நான் ஓர் அடி பின்வாங்கினேன்.

"அது ஆர், பிள்ளை?"

"காட்டின்ரை கடவுள். மான் கொம்பு மாமா, வடிவாப் பாருங்கோ. எங்களுக்கு ஒரு பெண் தெய்வம், ஒரு ஆண் தெய்வம். நீங்கள் பேயெண்டு நினைச்சியளோ? எல்லாரும் அப்பிடித்தான். சாத்தானை நாங்கள் நம்புறதுமில்லை, கும்பிடுறதுமில்லை."

"அப்ப மந்திரம்?"

"மந்திரம் செய்வம்," என்றாள் அவள், ஒளிக்காமல்.

நான் சமைக்கப் போனேன். டின் என் பைக்குள் இருந்தது. கத்தரிக்காயை வெட்டி வதக்கும்போது வாசல் மணி அடித்தது. ஓர் உயரமான பெண் ருபார்ப் கேக்கோடு வந்தார். பெயர் இங்கர். ட்ராம் ஓட்டுகிறார், மதுராவின் குழுவில் நெடுநாளாக இருப்பவர். நான் எண்ணி வந்த சூனியக்காரிகளில் ட்ராம் ஓட்டுகிறவர் இல்லை.

இங்கர் உட்கார்ந்ததும் முழங்காலைத் தடவிக்கொண்டு ஏதோ சொன்னார். மதுரா அவர் முன்னால் மண்டியிட்டு ஒரு கேள்வி கேட்டாள். அவர் தலையாட்டினார். மதுரா திரும்பவும் அதையே கேட்டாள். திரும்பவும் தலையாட்டினார். பிறகுதான் முழங்காலில் கைவைத்துக் கண்ணை மூடினாள். அவ்வளவுதான். பூவுமில்லை, புகையுமில்லை.

"ரெண்டு தரம் என்ன கேட்டனி?" என்றேன்.

"உங்களுக்காகச் செய்யட்டோ எண்டு. கேக்காமல் ஒருத்தருக்கும் செய்யக்கூடாது மாமா."

"முழங்கால் நோவு மாறத்தானே? நல்லதுக்குத்தானே?"

"நல்லதுக்கெண்டாலும் கேக்கோணும். அவையின்ரை உடம்பு, அவையின்ரை மனசு. ஒருத்தருக்குத் தெரியாமல் அவையின்ரை மனசைத் திருப்பினா, அது நல்லதுக்கில்லை. அதுதான் எங்கட முதல் சட்டம். ஒருத்தருக்கும் தீங்கு வராதெண்டா, விரும்பினதைச் செய்யலாம். வருமெண்டா, செய்யக்கூடாது."

என் வலது கை பைக்குள் டின்னைப் பிடித்தபடி இருந்தது.

இங்கருக்கு மதுரா மொழிபெயர்த்துச் சொன்னாள். அவர் சொன்னதையும் எனக்குச் சொன்னாள்: "நாம் அனுப்புவது மூன்று மடங்காகத் திரும்பி வரும் என்று எங்களில் சிலர் சொல்வார்கள். எனக்கு அந்தக் கணக்குத் தெரியாது. ட்ராம் ஓட்டும்போது யாரையாவது கோபத்தில் திட்டினால் அவர் இறங்கிப் போய்விடுவார். தலையிடி அன்று முழுக்க எனக்குத்தான்."

கறி கொதித்துக்கொண்டிருந்தது. தூள் போடவேண்டிய பதம் அதுதான். நான் அடுப்பை நிறுத்தினேன்.

"பிள்ளை, அந்த அழைப்பிதழில செய்வினை எண்டு எழுதினனீ. அது என்னெண்டு நினைச்சு எழுதினனீ?"

"ஏன், பிழையோ?" அவள் முகம் மாறியது. "நாங்கள் சேர்ந்து செய்யிறதை இஞ்சை 'வேலை' எண்டுதான் சொல்லுறது. வேலை எண்டு எழுதினா ஒஃபிஸ் மாதிரிக் கிடந்தது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவை மாமா. 'அவள் மாலை தொடுத்தாள்', செய்வினை. 'மாலை தொடுக்கப்பட்டது', செயப்பாட்டுவினை. செய்வினை எண்டா நாங்களே எங்கட கையால செய்யிறது. வடிவான சொல்லெண்டு எடுத்தன்."

நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது. வயிறு நோகிற சிரிப்பு. இருபது வருடம் ஆலைச் சத்தத்துக்குள் இருந்த எனக்கு என் சிரிப்பின் சத்தமே மறந்துபோயிருந்தது.

"பிள்ளை, ஊரில செய்வினை எண்டா சூனியம். ஆளைச் சாக்காட்டச் செய்யிறது."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "குழந்தையளையும் கூட்டி வாங்கோ எண்டெல்லே எழுதினனான்!"

"சாப்பாடு உண்டெண்டும் எழுதினனீ."

அவளும் சிரித்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள். "அப்ப அம்மா அதுக்குத்தானோ என்ரை வீட்டில ஒண்டும் வாயில வைக்கேல்லை? வேலைக் களைப்பெண்டு நினைச்சன். ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லேல்லையே மாமா."

இந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். டின்னோடு ஊருக்குத் திரும்பியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. என் வாழ்நாளில் பேசாமல் தப்பிய இடங்கள் எத்தனையோ. அன்றைக்கு என்னால் முடியவில்லை. டின்னை எடுத்து மேசையில் வைத்தேன்.

"இதை உன்ரை கறியில போட வந்தனான். உன்ரை மனசைத் திருப்ப."

மதுரா டின்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "போட்டிட்டியளோ?"

"இல்லை."

"என்ன இருக்கு இதுக்குள்ள?"

அது ஒன்றுதான் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம். "மஞ்சள், வசம்பு, கருஞ்சீரகம், கொஞ்சம் சாம்பல். மஞ்சள் பழசு, கடையில தூளாவே வாங்கினது. வசம்பை இடிச்சவன் அரிக்கேல்லை. வாங்கின அண்டைக்கே மணந்து பாத்தனான்."

இங்கர் என்ன நடக்கிறது என்று கேட்டார். மதுரா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். இங்கர் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து ஒரு வசனம் சொன்னார். மதுரா மொழிபெயர்த்தாள்: "எங்களிடம் சேரவேண்டுமானால் ஒரு வருடமும் ஒரு நாளும் படிக்கவேண்டும். உன் மாமா படிக்காமலே தூளோடு வந்திருக்கிறார். இந்த அறையில் சூனியக்காரர் அவர் ஒருவர்தான்."

தூளை நானே என் கையால், சாப்பாட்டுக் கழிவு போடுகிற பச்சைப் பையில் கொட்டினேன். கழுவிய டின்னை விதை போட்டு வைக்க இங்கர் கேட்டு வாங்கிக்கொண்டார். கத்தரிக்காய்க் குழம்பை மூவரும் சாப்பிட்டோம். இங்கருக்கு மூக்கால் நீர் வடிந்தது, ஆனால் விடவில்லை.

மாலையே பியோர்ண்டாலுக்குத் திரும்பினேன். அக்கா வாசலிலேயே நின்றார்.

"போட்டனியோ?"

"போடேல்லை. கொட்டிட்டன்."

"என்ன சொல்லுறாய்? அவள் உன்னையும் மயக்கிப்போட்டாளோ?"

"அக்கா, கேளுங்கோ." நான் அக்காவிடம் கேளுங்கோ என்று சொன்னது அதுவே முதல்முறை. "அவள் மந்திரம் செய்யிறாள்தான். நான் பொய் சொல்லேல்லை. ஆனா ட்ராம் ஓட்டுற மனிசியின்ரை முழங்காலைத் தொடவே ரெண்டு தரம் கேட்டவள். ஒருத்தருக்குத் தெரியாமல் ஒண்டும் செய்யக்கூடாதாம், அது அவையின்ரை சட்டம். தெரியாமல் செய்ய வெளிக்கிட்டது நீங்களும் நானும்."

அக்கா கதிரையில் இருந்துவிட்டார்.

அழைப்பிதழின் கதையைச் சொன்னேன். அத்தான் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு வந்து கையை நீட்டினார். அக்கா இத்தனை நாளும் அவர் கண்ணில் அதைக் காட்டியதில்லை. மூக்குக்கண்ணாடி போட்டு வாசித்தார்.

"சரியாத்தானே எழுதியிருக்கிறாள். செய்வினை, செயப்பாட்டுவினை. எட்டாம் வகுப்பு."

"உங்களுக்குத் தெரியுமோ?" என்றார் அக்கா.

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்."

அக்கா அழுதார், திட்டினார், அத்தானை, என்னை, தமிழ்ப் பள்ளிக்கூடத்தை, கிளிநொச்சிக்காரரை. திட்டி முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னார்: "நான் நாளைக்குப் போறன். ஆனா நான் மட்டும் தனிய நிக்கமாட்டன். எங்கட சனமும் வரோணும். நீதான் எல்லாருக்கும் ஃபோன் எடுத்துச் சொல்லோணும்."

"நானோ?"

"கொட்டினது நீதானே."

மதுராவுக்கு ஃபோன் எடுத்து, செய்வினைக்குப் பதில் என்ன சொல்லட்டும், நேர்த்தி என்று சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் மாமா, நேர்த்தி எண்டா கடவுளோட பேரம் பேசுறது. நாங்கள் பேரம் பேசுறேல்லை. சூரியன் உச்சியில நிக்கிற நாள், வட்டமா நிண்டு நன்றி சொல்லுறம். அவ்வளவுதான்." கோடை வட்டம் என்று வைத்துக்கொண்டோம்.

தொலைபேசி இலக்கங்கள் எழுதிய கொப்பியை அக்கா என் மடியில் வைத்தார். முதல் அழைப்பில் நாக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டாவதில் திக்கினேன். ஐந்தாவதில் ஒருவர் சிரித்தார். அது எனக்குத் தைரியம் தந்தது. பேர்கன் மாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப ஒருத்தரையும் சமைக்கேல்லை?" என்றார். "இல்லை மாமி." "சரி, மகனோட காலமை வெளிக்கிடுறன். எனக்கு உறைப்பில்லாமல் வைக்கச் சொல்லு." இரவுச் சாப்பாட்டுக்கு முன் கொப்பி முடிந்துவிட்டது. என் தொண்டை அடைத்துவிட்டது, ஆனால் ஒருவரையும் விடவில்லை.

சனிக்கிழமை கடலோரப் புல்வெளி. வெயில் நன்றாக இருந்தது. நோர்வேக்காரர் இருபது பேர் வரை இருந்தார்கள். எங்கள் சனம் முதலில் தூரத்தில் மரத்தடியில் கூட்டமாக நின்றது. பிறகு சோற்றுப் பாத்திரங்களோடு ஒவ்வொருவராகக் கிட்ட வந்தது. மாமி மடக்குக் கதிரையோடு வந்திருந்தார்.

மதுரா பச்சை உடுப்பில், தலையில் பூ வைத்து, நடுவில் நின்றாள். நாலு திசைக்கும் திரும்பிக் காற்றையும் நெருப்பையும் நீரையும் மண்ணையும் அழைத்தாள். இங்கர் அவர்களுடைய சட்டத்தை நோர்வே மொழியில் சொன்னார். அவர் முடித்ததும் மதுரா என் பக்கம் கையைக் காட்டினாள். தமிழில் நான் சொல்லவேண்டுமாம். முன்னரே கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன் என்று தெரிந்து, அங்கேதான் கேட்டாள்.

"சொல்லுவியளோ மாமா? விருப்பமில்லாட்டி வேண்டாம்."

ஐம்பது முகங்கள். ஆலையில் இயந்திரப் பட்டி ஓடும்போது மறுபக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்கக் கத்துவேன். அந்தக் குரல்தான் வந்தது.

"ஒருத்தருக்கும் தீங்கு வராதெண்டா, உன்ரை மனசுக்குப் பட்டதைச் செய்! ஒருத்தருக்குத் தெரியாமல் அவருக்கு ஒண்டும் செய்யாதை! நல்லதெண்டாலும் கேட்டுச் செய்!"

கரையில் தூண்டில் போட்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். மாமி கதிரையிலிருந்தபடியே, "கேக்குது தம்பி, பேர்கனுக்கே கேக்குது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கம் வரவில்லை. வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

பிறகு வட்டத்துக்குள் வருகிறவர்களை மதுரா ஒவ்வொருவராகக் கேட்டாள், சொந்த விருப்பத்தோடுதான் வருகிறீர்களா என்று. சிலர் வெளியே நின்று பார்க்கிறோம் என்றார்கள். அதற்கும் அவள் சிரித்துத் தலையாட்டினாள். அக்காவின் முறை வந்தது. அக்கா புல்லின் மேல் பூவால் போட்டிருந்த கோட்டுக்கு வெளியே, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார்.

"அம்மா, விருப்பத்தோடதான் வாறியளோ?"

"எனக்கு உதுகளில நம்பிக்கை இல்லை," என்றார் அக்கா. எல்லாருக்கும் கேட்டது. "நான் முருகனைத்தான் கும்பிடுறன். உன்னைப் பாக்க வந்தனான். அது காணுமோ?"

"காணும் அம்மா," என்றாள். "அது போதும்."

அக்கா கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார்.

கடைசியில் கேக்கைப் பிட்டு எல்லாருக்கும் கொடுப்பது வழக்கமாம். மதுரா தன் கையால் சுட்ட தேன் கேக். அவள் ஒரு துண்டைத் தாயிடம் நீட்டினாள். அக்கா அதைக் கையில் வாங்கவில்லை. வாயைத் திறந்தார். மகள் ஊட்டினாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு மென்றார், விழுங்கினார்.

"இனிப்புக் கூடிப்போச்சு," என்றார். "இன்னொரு துண்டு தா."

அடுத்த நாள் மழை பெய்தது. அக்கா வேலைக்குப் போனார். அத்தானும் நானும் கடைக்குப் போய் வெண்டிக்காய் வாங்கி வந்தோம்.